தம்பியின் நோட்டுப்புத்தகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் மொரீஷியஸ் தீவில், ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். என் தம்பி சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே முடங்கிப்போனான். மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். சில மாதங்களாக அவன் கைபேசியில் படம் எடுக்கிறான். ஒரு நோட்டுப்புத்தகத்தில் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் கவிதை எழுதுகிறான். புகைப்படமும் கவிதையும் மனநோய்க்கு மருந்தாகும் என்று படித்தேன். அது உண்மையா? உண்மையென்றால் மாத்திரையைக் குறைத்துவிடலாமா? நல்ல கேமரா வாங்கிக் கொடுக்கட்டுமா? தமிழில் எழுதச் சொன்னால் இன்னும் நல்லதா? அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது அவனுடைய கைபேசியிலிருந்து சில படங்களையும் நோட்டின் சில பக்கங்களையும் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவனுக்குத் தெரியாது. பார்த்துவிட்டு அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். கவிதைகள் தேறும் என்றால் போட்டிக்கு அனுப்பலாம் என்று அம்மா ஆசைப்படுகிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

மாத்திரையைக் குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவரின் வேலை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரலாம், அடங்கியிருந்த நோயும் திரும்பலாம். இதில் என்னிடம் மட்டுமல்ல, எந்த எழுத்தாளனிடமும் யோசனை கேட்காதீர்கள். கேமரா வேண்டாம், கைபேசி போதும். மொழி பற்றிய கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. அவன் உங்களோடு சண்டை போடுவது கிரியோலில்தானே, கவிதையும் அதிலேயே வரட்டும். இந்தத் தீவில் தமிழைக் காப்பாற்றும் பாரத்தை நோயுற்ற பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். அதற்கு என்னைப் போல வேறு வேலையில்லாத கிழவர்கள் இருக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய படங்களை நான் திறக்கவில்லை. கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததும் இணைப்புகளை அழித்துவிட்டேன். உங்கள் பயம் எனக்குப் புரியாமலில்லை. பூட்டிய அறைக்கு வெளியே நின்று உள்ளே விளக்கு எரிகிறதா என்று கதவிடுக்கில் பார்க்கிற அக்காவின் நிலைமை அந்த நோயாளியின் நிலைமையைவிட எளிதானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் தூங்குகிறவனின் கைபேசியை எடுத்தீர்களே, அது தவறு அம்மா. அதைத் தவறென்றுகூட உணராமல், கடிதத்தில் ஒரு வசதி போலக் குறிப்பிட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

இந்தக் கோபத்துக்கு ஒரு பின்னணி உண்டு. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் நம் முன்னோர் இத்தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய பதிவேடுகள் இருப்பதை அறிவீர்கள். அவற்றோடு அவர்களுடைய புகைப்படங்களும் இருக்கின்றன. என் தாய்வழிப் பாட்டனாரின் தகப்பனாருடைய படத்தின் பிரதி ஒன்றை அங்கிருந்து வாங்கி வந்து, பல வாரங்களாக மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. தோளில் ஒரு துண்டு. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கண்கள் கேமராவைப் பார்க்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில், உத்தரவு போடுகிறவர் நின்றிருக்கக்கூடிய இடத்தைப் பார்க்கின்றன. எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, பூஜையறையில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறார்கள். அது என்ன படம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. 1867இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி, ஒப்பந்தக்காலம் முடிந்த கூலிகள் தங்கள் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாதவர்களைச் சாலையிலேயே பிடித்து, நாடோடிகள் என்று குற்றம் சாட்டி உள்ளே தள்ளினார்கள். 1871இல் கூலிகளுக்காகப் பேசிய அடோல்ஃப் தெ ப்லெவிட்ஸ் என்பவரின் உதவியோடு 9,401 பேர் கையெழுத்திட்டு ஆளுநருக்குக் கொடுத்த மனுவில் இந்தச் சீட்டுத் தொல்லையும் ஒரு முறையீடு. அதன் பிறகுதான் 1872இல் பிரிட்டிஷ் அரசின் ராயல் கமிஷன் விசாரிக்க வந்தது. தன்னைப் படமெடுக்கச் சொல்லி எங்கள் கொள்ளுத்தாத்தா கேட்கவில்லை. எடுத்தவர்களுக்கும் அவர் முகத்தில் அக்கறையில்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டும், அவ்வளவுதான்.

மனநோய்க்கும் புகைப்படத்துக்குமான உறவும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட மனநோய் விடுதியில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த மருத்துவர் ஹியூ வெல்ச் டயமண்ட் தம் நோயாளிகளைப் படமெடுத்தார். 1856இல் அதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை அளித்தார். முகத்தைப் பார்த்து நோயை அறியலாம், நோயாளிக்கே தன் படத்தைக் காட்டினால் தெளிவு பிறக்கும், வெளியே போனவர் மீண்டும் சேர்க்கப்பட்டால் அடையாளம் காணலாம் என்று மூன்று பயன்களைச் சொன்னார். நடுவிலுள்ள பயனில் ஓர் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். முதலாவதும் மூன்றாவதும் எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் படமெடுத்தவர்களுக்கும் தெரிந்தவைதான். பார்க்கிறவர் ஒருவர், பார்க்கப்படுகிறவர் ஒருவர், பொருள் சொல்லும் உரிமை முழுவதும் பார்க்கிறவருக்கு. ‘பார்த்துவிட்டு அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்’ என்று நீங்கள் எனக்கு எழுதியதும் அதே ஏற்பாடுதான்.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் சில மாதங்கள் மனநோய் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் பழைய பெட்டிக் கேமரா ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, அறுவடை முடிந்த கரும்புக்காட்டையும், கொடியில் காயும் துணிகளையும், பாதி திறந்த கதவுகளையும் படமெடுக்கத் தொடங்கினார். ஒரு படத்திலும் ஆள் இருக்கமாட்டார்கள். ஃபிலிம் விலை அதிகம். ஆகவே ஒரு படத்துக்காக நெடுநேரம் நிற்பார், வெளிச்சம் மாறக் காத்திருப்பார், சில நாட்களில் எடுக்காமலே திரும்பிவிடுவார். அந்த நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குத் தானாகவே வந்து உட்கார்ந்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் தாத்தா நல்லவர், மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் அந்தப் படங்களை எடுத்துக் காட்டி, “பாருங்கள், ஒரு மனிதரைக்கூட எடுக்கமாட்டேன் என்கிறான், இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். ஆளுக்கோர் அர்த்தம் சொன்னார்கள். ஒருவர் பேய் என்றார், ஒருவர் கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்றார். சித்தப்பா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. நோய் அதனால் முற்றியது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கணக்கெல்லாம் யாருக்கும் தெரியாது. அவருக்குச் சொந்தமாயிருந்த ஒரே வேலை போயிற்று, அது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளவியலாளர் தம் சக ஆய்வாளரோடு வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்வின் பெருந்துயரத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதியவுடன் அவர்கள் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பயன் உண்டு, ஆனால் சிறியது என்றார்கள். ஆகவே, துணைக்கு நல்லது, மருந்துக்கு மாற்றாகாது என்பதே என் விடை. அந்த மாதிரிப் பயிற்சிகளில் இலக்கணமோ எழுத்துப்பிழையோ பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. புகைப்படத்திலும் அப்படியே. பிரிட்டனைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஜோ ஸ்பென்ஸ் 1982இல் மார்பகப் புற்றுநோய் என்று அறிந்தபோது, மருத்துவர்கள் தன் உடலைப் பார்த்த விதத்துக்கு எதிராகத் தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டார். பிறகு ரோஸி மார்ட்டின் என்னும் இன்னொரு புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து அதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தார். எதை எடுப்பது, எதை யாருக்குக் காட்டுவது என்பதை அவர் தம் கையில் வைத்திருந்தார். உங்கள் தம்பிக்கும் அந்தக் கைப்பிடிதான் இப்போது மிஞ்சியிருக்கிறது.

போட்டியைப் பற்றி அம்மாவிடம் இதமாகச் சொல்லுங்கள். கவிதை தேறுமா என்று ஒருவர் சொல்லத் தொடங்கியவுடன், அவன் அந்த ஒருவருக்காக எழுதத் தொடங்கிவிடுவான். பரிசு கிடைக்காவிட்டால் நோயோடு தோல்வியும் சேரும். கிடைத்தாலோ, அடுத்த கவிதையையும் சோகமாகவே எழுத வேண்டும் என்னும் கட்டாயம் சேரும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டில் சாக வேண்டும் என்பது போன்ற எதையாவது நீங்கள் ஏற்கெனவே படித்திருந்தால், அதனால்தான் எனக்கு எழுதினீர்கள் என்றால், நான் மேலே சொன்ன அந்தரங்கம் எதுவும் அங்கே செல்லாது. ‘சாக வேண்டும் போல் இருக்கிறதா?’ என்று அவனிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அவனைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், கைபேசியைத் திறந்ததை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். படங்களைக் காட்டு என்று கேட்காதீர்கள். அவன் படமெடுக்கப் போகும்போது, உடன் வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவன் விரும்பினால் எனக்கு எழுதலாம், கிரியோலிலேயே. அதை இந்தத் தளத்தில் வெளியிடமாட்டேன். உங்களுடைய அடுத்த கடிதத்தில் உங்களைப் பற்றி எழுதுங்கள். இவ்வளவு நீளமான கடிதத்தில் நீங்கள் இரவில் தூங்குகிறீர்களா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்