சபையரிலிருந்து படலத்தை உரிப்பது: கேள்வி பதில்

பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் பி.இசட்.டி. (ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு; வளைத்தால் மின்சாரம் தரும்) படலங்களைச் சபையர் என்ற ஒளிபுகும் படிகத் தட்டில் வளர்த்து மல்லுக்கட்டும் நம் உறுப்பினர், இந்த வாரம் சேர்ந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஜாலஹள்ளி, ஓய்வுபெற்ற பொறியாளர்: வளர்த்த படலத்தை எதற்கம்மா உரிக்க வேண்டும்? பிளாஸ்டிக் மேலேயே வளர்த்துவிடலாமே?

வளர்த்தால் பிளாஸ்டிக் மிஞ்சாது சார். பி.இசட்.டி. நன்றாகப் படிகமாக 600 முதல் 700 டிகிரி வரை சூடு வேண்டும். சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான பாலிஇமைடுகூட அவ்வளவு தாங்காது. அதனால்தான் சபையரில் வளர்த்து, படலத்தின் மேல் எபாக்ஸிப் பசையால் பிளாஸ்டிக்கை ஒட்டி, சபையரின் பின்னாலிருந்து லேசர் அடித்து உரித்து இடம் மாற்றுகிறோம்.

மல்லேஸ்வரம், பி.எஸ்சி. மாணவி: லேசர் சபையரைத் தாண்டிப் போய்ப் படலத்தை மட்டும் எப்படி அக்கா பிரிக்கிறது?

சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, திரைச்சீலைதான் வெளுக்கும், இல்லையா? அதே கதைதான். நாங்கள் பயன்படுத்தும் கிரிப்டான் ஃப்ளோரைடு எக்ஸைமர் லேசர் என்ற புற ஊதா லேசரின் அலைநீளம் 248 நானோமீட்டர், ஃபோட்டானின் ஆற்றல் 5 எலெக்ட்ரான் வோல்ட். சபையரின் பட்டை இடைவெளி (ஒளியை விழுங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) இதைவிட மிக அதிகம் என்பதால் ஒளி கடந்து போய்விடும். பி.இசட்.டி.க்கு அது சுமார் 3.5தான். அதனால் சபையரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கே முழுவதையும் விழுங்கி, உருகி, கொஞ்சம் ஆவியாகிறது. பல்ஸ் 20, 25 நானோநொடியில் முடிந்துவிடும். அதற்குள் சூடு சில நூறு நானோமீட்டர்தான் பரவ முடியும், மறுபக்கத்துப் பிளாஸ்டிக் தப்பிக்கிறது.

1998-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எல்.ஈ.டி. விளக்குப் பொருளான காலியம் நைட்ரைடை இப்படித்தான் சபையரிலிருந்து பிரித்தார்கள். பி.இசட்.டி. போன்ற ஃபெர்ரோஎலெக்ட்ரிக் (மின்புலத்தால் மின்முனைப்பைத் திருப்பக்கூடிய) படலங்கள் அடுத்து வந்தன. 2014-ல் கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகக் குழு 308 நானோமீட்டர் லேசரால் பி.இசட்.டி.யைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றி, வளைத்தால் மின்சாரம் தரும் கருவியாக்கியது.

எலெக்ட்ரானிக் சிட்டி: எங்களிடம் இருப்பது சிலிக்கான் வேஃபர், நடுவில் பிளாட்டினம். ஆகுமா?

ஆகாது. புற ஊதா ஒளியைச் சிலிக்கானே விழுங்கிவிடும். சபையர் வைத்தாலும் நடுவே பிளாட்டினம் இருந்தால் ஒளி அதோடு நின்றுவிடும். படலம் நேராகச் சபையர் மேல் இருக்கட்டும், எலெக்ட்ரோடு பிறகு.

யஷ்வந்த்பூர், எம்.டெக். மாணவர்: அக்கா, பாதிதான் உரிகிறது, மீதி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆற்றலைக் கூட்டட்டுமா?

கூட்டாதே தம்பி. எல்லாரும் முதலில் கை வைப்பது அந்தத் திருகில்தான், படலம் வெடிப்பதும் அங்கேதான். முதலில் சபையரின் பின்பக்கத்தைப் பார். இரு பக்கமும் பாலிஷ் செய்ததா? ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் ஒளி சிதறி வீணாகும். பளபளப்பான முகத்திலேயே 8 சதவீதத்துக்கு மேல் திரும்பிப் போகிறது. அதனால் ஆற்றலை லேசர் வாயில் அளக்காமல் சாம்பிள் வைக்கும் இடத்தில் அளந்து, புள்ளியின் பரப்பால் வகுத்துக்கொள். சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு மில்லிஜூல்தான் வழக்கமான வட்டாரம்.

அடுத்து, சபையர் வழியாக எட்டிப் பார். பல்ஸ் விழுந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக நிறம் மாறித் தெரியும். சதுரத்தின் நடு மட்டும் மாறி ஓரம் பழைய நிறத்திலேயே இருந்தால் கற்றை சீராக இல்லை, கற்றையைச் சீராக்கும் ஹோமோஜினைசர் வேண்டும். எல்லாச் சதுரமும் ஒரே நிறமாக மாறியும் படலம் வரவில்லையென்றால் குற்றம் லேசருடையது அல்ல, பசையுடையது. என் அனுபவத்தில் பாதி வழக்கு பசையில்தான் முடியும். எபாக்ஸியில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் போதும், அந்த இடத்தில் படலத்துக்குப் பிடிமானம் இல்லாமல் பொத்துக்கொள்ளும். ஓரத்திலிருந்து வரிசையாகச் சுட்டு வா, ஆவி வெளியேற வழி இருக்கும்.

ஹெப்பால், ஆய்வு மாணவி: உரித்தபின் ஹிஸ்டெரிசிஸ் வளையம் (வோல்டேஜை ஏற்றி இறக்கும்போது மின்முனைப்பு காட்டும் வரைபடம்) சாய்ந்துவிட்டது. படலம் செத்துவிட்டதா?

இல்லைமா, தோல் கருகியிருக்கிறது. சபையரைத் தொட்டிருந்த முகம்தான் இப்போது மேலே இருக்கிறது. அது ஈயத்தை இழந்து, உருக்குலைந்து, படிகமற்ற அடுக்காகியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்: 1000 நானோமீட்டர் படலம், பெர்மிட்டிவிட்டி (மின்புலத்தில் மின்னூட்டம் சேமிக்கும் திறன்) 1000, மேலே 50 நானோமீட்டர் கெட்ட அடுக்கு, அதற்கு 30 என்று வை. தொடரில் இணைந்த இரண்டு மின்தேக்கிகள். நீ கொடுக்கும் வோல்டேஜில் 60 சதவீதத்துக்கு மேல் அந்த 50 நானோமீட்டரே தின்றுவிடும்! அயான் மில்லிங்கில் (அயனிகளை மோதவிட்டு) அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, எலெக்ட்ரோடு போட்டு, மறுபடி அள. ஈயம் கலந்த தூள் என்பதால் கையுறை கட்டாயம்.

இந்திராநகர்: லேசர் இல்லாமல் வழியே இல்லையா?

இருக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் அடுக்கை நடுவில் வளர்த்துத் தண்ணீரில் கரைப்பது 2016-லிருந்து பிரபலம். படலத்துக்குச் சூட்டுக்காயம் இல்லை. சின்னச் சாம்பிளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பெரிய பரப்பைச் சீக்கிரம் உரிக்க வேண்டுமென்றால் லேசர்தான்.

மறுபடி யஷ்வந்த்பூர் மாணவர்: 248 கண்ணுக்குத் தெரியாதே, கண்ணாடி அவசியமா?

தெரியாது என்பதால்தான் அவசியம். கருவிழியின் மேல்படலம் (கார்னியா) வெந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் விழுந்தது போல் எரியத் தொடங்கும். 248-க்கென்று குறித்த கண்ணாடியைப் போடு, கற்றை போகும் வழியை மூடு. லேசருக்குள் ஃப்ளோரின் வாயு இருக்கிறது, கேஸ் கேபினெட் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே சுவிட்சைத் தொடு.