இரவு ராணி பூக்கலையா? உரத்த நிறுத்துங்க, கத்தரிய எடுங்க

கேள்வி: இரவு ராணி செடி வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. பெரிய தொட்டி, மாசம் தவறாம மாட்டு எரு, தண்ணிக்கும் குறை இல்ல. தலைக்கு மேல வளந்து நிக்குது, இலையெல்லாம் கரும்பச்சை, ஆனா பூ வரவே மாட்டேங்குது. போன தடவை உச்சியில நாலே நாலு கொத்து வந்துச்சு, அவ்வளவுதான். வெட்டுனா செத்துடுமோன்னு பயம். வீட்டுல ரெண்டு வயசு குழந்தை வேற இருக்கு, ஜன்னல் ஓரமா வைக்கலாமா?

பதில்: உச்சியில நாலு கொத்துன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பதில் அதுலயே இருக்கு. இரவு ராணி புதுசா விட்ட கிளையோட நுனியிலயும் நுனிக்குப் பக்கத்துல இருக்கிற இலைக் கணுக்கள்லயும்தான் கொத்துக் கொத்தா பூக்கும், பழைய முத்துன தண்டுல ஒண்ணும் வராது. உங்க செடி வெட்டே படாம நாலஞ்சு குச்சியா மேல போயிடுச்சு, நாலு நுனி இருக்கு, நாலு கொத்து வந்துச்சு, கணக்கு சரியாத்தானே இருக்கு. ஒரு நுனிய வெட்டுனா அதுக்குக் கீழ இருக்கிற கணுவுல இருந்து ரெண்டு மூணு தளிர் கிளம்பும், ஒவ்வொண்ணும் ஒரு பூக்கிற நுனி.

செத்துடும்னு பயப்படவே வேணாம். கத்தரிக்காய், தக்காளி, புகையிலை எல்லாம் இருக்கிற குடும்பம்தான் இதுவும், முரட்டுச் செடி. பல தீவுகள்ல தோட்டத்த விட்டு வெளிய போய் காடு மாதிரி மண்டி, களைன்னு அறிவிச்சு புடுங்கிட்டு இருக்காங்க, அதப் போய் நம்ம ஒரு கத்தரி கொன்னுடுமா. ஒவ்வொரு தடவை பூத்து முடிஞ்சதும் எல்லாக் கிளையிலயும் மூணுல ஒரு பங்கு நீளத்த எடுத்துடுங்க. உங்களது மாதிரி கால் நீண்டு மேல மட்டும் குடை விரிச்ச செடின்னா முதல் தடவை இன்னும் தைரியமா, நல்லா துளிர்விடுற பருவம் தொடங்குறப்ப ரெண்டு ரெண்டரை அடி உயரத்துக்கு இறக்கிடலாம். ஒரு கணுவுக்கு மேல சாய்வா வெட்டுங்க, உள்ள பாத்து வளர்ற கிளை, காஞ்ச குச்சி, ஒண்ணோட ஒண்ணு உரசுறது எல்லாம் அடியோட போகட்டும். பாக்க கொஞ்ச நாள் மொட்டையா பரிதாபமா இருக்கும், வீட்டுல யாராச்சும் திட்டுவாங்க, கண்டுக்காதீங்க.

அடுத்தது அந்த எரு. மாசா மாசம் எருவக் கொட்டுனா அதுல இருக்கிற நைட்ரஜன் முழுக்க இலைக்கும் தண்டுக்கும்தான் போகும், கரும்பச்சை இலைங்கிறது நல்ல அறிகுறின்னு நினைச்சுட்டு இருக்கீங்க, பூ வேணும்ங்கிற செடியில அது பாதி எச்சரிக்கை. வெட்டுன உடனே ஒரு தடவை மண்புழு உரம் ரெண்டு கை போடுங்க, தளிர் வர அது தேவை. அதுக்கப்புறம் தளிர் ஒரு சாண் வளந்ததும் எலும்புத் தூள் ஒரு கையும் பொட்டாஷ் சத்து கொஞ்சமும் குடுத்துட்டு சும்மா இருங்க. சும்மா இருக்கிறதுதான் நம்மாளுங்களுக்கு கஷ்டம்.

வெயில் பத்தி நீங்க எழுதவே இல்ல, அதனால கேக்குறேன், நேரடி வெயில் எத்தனை மணி நேரம் படுது? பேரு இரவு ராணின்னாலும் சாப்பாடு பகல்லதான். குறைஞ்சது நாலஞ்சு மணி நேரம் சுள்ளுனு வெயில் வேணும். நிழல்ல வச்சா சாகாது, ஆனா வெளிச்சத்தத் தேடி நீண்டுக்கிட்டே போகும், பூக்காது. உங்க செடி தலைக்கு மேல போனதப் பாத்தா எனக்கு இந்த சந்தேகமும் இருக்கு.

தண்ணி விஷயத்துல இது தாகக்காரச் செடிதான், உச்சி வெயில்ல இலை தொங்கும், சாயங்காலம் தானா நிமிரும், அதப் பாத்து பதறி மறுபடி மறுபடி ஊத்தாதீங்க. ரெண்டு அங்குலம் விரல விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா தொட்டி அடியில வழியுற வரைக்கும் ஊத்துங்க, ஈரமா இருந்தா விட்டுடுங்க. அடி இலை மஞ்சளாகி உதிர்ந்தா பெரும்பாலும் வேர் தண்ணியில நிக்குதுன்னு அர்த்தம். இளசு இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது வேற, இரும்புச் சத்துக் குறை, உப்புத் தண்ணி ஊத்துற இடத்துல அடிக்கடி வரும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ வந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் ரெண்டு சொட்டு சோப்பும் கலந்து சாயங்காலமா இலைக்கு அடியில அடிங்க, மேல மட்டும் அடிச்சா பிரயோஜனம் இல்ல.

சில பேர் பூ வந்துச்சு வாசனையே இல்லன்னு சொல்லுவாங்க, விசாரிச்சா காலையில முகந்து பாத்திருப்பாங்க. இது மகரந்தத்துக்கு நம்பியிருக்கிறது ராத்திரி அந்துப்பூச்சிய, அதனால இருட்டுனப்புறம்தான் அந்தக் குழல் மாதிரி வெளிர்பச்சைப் பூ விரிஞ்சு மணக்கும், பகல்ல ஒடுங்கிடும். பூவுக்கு உள்ளயே ஒரு கடிகாரம் ஓடுது, முழு இருட்டுல வச்சாக்கூட அதே நேரத்துக்குத்தான் மணக்குதுன்னு 1960லயே ஆராய்ச்சி வந்திருக்கு. ராத்திரி மணந்து விடிகாலையில கீழ கொட்டுற ஆரஞ்சுக் காம்புப் பூன்னா அது பவளமல்லி, வேற மரம், வேற கவனிப்பு.

இப்ப ஜன்னல். வேண்டாம். நானும் முதல் செடிய ஆசை ஆசையா படுக்கை அறை ஜன்னலுக்குக் கீழதான் நட்டேன், மொத்தமா பூத்த மூணாவது ராத்திரி தலைவலி தாங்காம ஜன்னல சாத்திட்டுப் படுத்தோம், அப்புறம் எதுக்கு அந்தச் செடி. அடர்த்தியான வாசனை, சில பேருக்குத் தலைவலி, குமட்டல் வரும், ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு மூச்சு இழுக்கலாம். பத்துப் பதினஞ்சு அடி தள்ளி, நீங்க சாயங்காலம் உக்கார்ற பக்கமா வைங்க, காத்துல லேசா வந்தா அதுதான் சுகம். பாம்பு வருமான்னும் நிறைய பேர் கேக்குறாங்க, வாசனைக்கு வராது, அடியில புதர் மண்டி தவளை எலி தங்குனா அதுக்கு வரலாம், அதனால கீழ ஒரு அடிக்கு கிளைகள எடுத்து தரை தெரியுற மாதிரி வச்சுக்கோங்க.

குழந்தை விஷயம் வாசனைய விட முக்கியம். செடி முழுக்க நஞ்சு, பூ முடிஞ்சப்புறம் வர்ற சின்ன வெள்ளைப் பழமும்தான், ரெண்டு வயசுக் குழந்தை கையில கிடைச்சா வாயிலதான் போகும். பூ வாடுன உடனே கொத்தோட வெட்டிட்டீங்கன்னா பழமே பிடிக்காது, அடுத்த தளிரும் சீக்கிரம் வரும், ஒரே வெட்டுல ரெண்டு வேலை. தொட்டியையும் குழந்தை கைக்கு எட்டாத இடத்துக்கு மாத்திடுங்க. தப்பித் தவறி தின்னுடுச்சுன்னு சந்தேகம் வந்தா வீட்டு வைத்தியம் பாக்காம இலை ஒண்ணையும் கையில எடுத்துட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.

வெட்டுன குச்சிகள்ல பென்சில் கனத்துல இருக்கிறத ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகள எடுத்துட்டு, ரெண்டு கணு உள்ள போற மாதிரி மணலும் மண்ணும் கலந்த கலவையில ஊனி நிழல்ல வைங்க, ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல வேர் பிடிச்சிடும். மிச்சத்த மட்டும் ஆடு மாடு வாய் வைக்கிற இடத்துல கொட்டிடாதீங்க, அதுங்களுக்கும் இது விஷம்தான்.