வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்ன கேட்பது?

கேள்வி: ஐயா, யாங்கோனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறோம். ஃப்ரண்ட்-எண்ட் வேலைக்கு, அதாவது வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை எழுத, எடுத்த இரண்டு பேருமே இன்டர்வியூவில் குளோஷர், ஹோய்ஸ்டிங், விர்ச்சுவல் டாம் என்று புரோகிராமிங் கலைச்சொல் எதைக் கேட்டாலும் பளிச்சென்று சொன்னார்கள். வேலையில் உட்கார்ந்தால் ஒரு ஃபார்ம்கூட ஒழுங்காக வரவில்லை. மறுபடி ஆள் எடுக்கப் போகிறோம். என்ன கேட்கலாம்?
(ஒரு வாசகர், யாங்கோன்)

பதில்: நீங்கள் கேட்டதெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கக்கூடியவை, அதனால் நன்றாக ஒப்பிப்பவர்கள் வந்து சேர்ந்தார்கள். கேள்விகளைக் குறைத்துவிட்டு, பிழையுள்ள ஒரு பக்கத்தை முன்னால் வைத்து, "வாங்க, சேர்ந்து சரி பண்ணுவோம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். முக்கால் மணி நேரம் தாராளம்.

அந்தப் பக்கத்துக்காக எங்கும் தேடிப் போக வேண்டாம், உங்கள் கடைகளின் ஆர்டர் ஃபார்ம் ஒன்றே போதும். வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் வருவதுபோல முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் கட்டாயம் ஆக்கிவிடுங்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நமக்கும் அப்பா பெயரின் முதல் எழுத்துதான்; அப்படியிருக்க அந்த இரண்டாவது கட்டத்தில் எதை நிரப்புவது? போன் நம்பர் கட்டத்தில் இன்னொரு கண்ணி வையுங்கள். அடித்தது சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று சோதிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் எண்களுக்கென்று உள்ள குறி 0 முதல் 9 வரை மட்டும்தான் ஏற்கும், பர்மிய எண்களில் அடித்த வாடிக்கையாளருக்கு "தவறான எண்" என்று சிவப்பில் வரும். அப்புறம் அனுப்பும் பொத்தானை பட்டன் டேக்கில் போடாமல் டிவ் என்ற வெறும் பெட்டியில் கிளிக் மட்டும் வைத்துச் செய்யுங்கள். கீபோர்டில் டேப் அடித்துப் போனால் அது அகப்படவே அகப்படாது.

இப்போது வந்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சிலர் உடனே கோடைத் திறந்து, "இதை ரியாக்டில் மாற்றி எழுதிவிடலாம்" என்று ஒரு பிரபல ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைச் சொல்வார்கள். சிலர் திரையை போன் அளவுக்குச் சுருக்கி, தன் பெயரையே அடித்துப் பார்த்து, "என் அம்மா இதை எப்படி நிரப்புவாங்க?" என்று கேட்பார்கள். நான் இரண்டாவது ஆளைத்தான் எடுப்பேன், ரியாக்ட் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் சரி. இங்கே மியான்மரில் 2014-இல் சிம் விலை நம்மூர்ப் பணத்தில் 1,500 சாட்டுக்கு இறங்கிய பிறகு நெட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைத் தொடாமல் நேரே போனுக்கு வந்தவர்கள், உங்கள் கடைக்காரர்களின் வாடிக்கையாளர்களும் அவர்கள்தான்.

எழுத்து விஷயத்தையும் அவசியம் வையுங்கள். பர்மிய மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கம் இல்லை, அதனால் நீளமான பொருள் பெயர் சில சமயம் பெட்டியை விட்டு வெளியே ஓடலாம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், எந்த எழுத்திலும் வரியை முறிக்கச் சொல்லும் பிரேக்-ஆல் போட்டு அடைக்கிறவர், வரி சொல்லின் நடுவில் முறிவதைப் பார்த்த பிறகாவது சங்கடப்படுகிறாரா? பக்கத்தின் மொழி பர்மியம் என்று குறித்திருக்கிறதா, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியைச் சொற்களுக்கு நடுவே வைக்கலாமா என்று யோசிப்பவர் இந்த ஊர்ப் பக்கங்களோடு மல்லுக்கட்டியவர்.

அதே மாதிரி ஒரு கடைக்காரர் பழைய பொருள் பட்டியலைக் கொடுத்தார், பாதி எழுத்து குழம்பித் தெரிகிறது, தேடினாலும் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். நாடு ஸோஜி என்ற பழைய பர்மிய ஃபான்ட் முறையை விட்டு, உலகப் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாறிய நாள் 2019 அக்டோபர் 1, ஆனால் அதற்கு முன்னால் அடித்த கோப்புகள் தானாக மாறிவிடாது. தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் க முதலிலும் கொம்பு பிறகும்தான் சேமிக்கப்படும். பர்மிய எகரக் குறிக்கும் அதே கணக்கு. ஸோஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே குறி முன்னால் நிற்கும். இரண்டும் ஒரே குறியெண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால்தான் இத்தனை குழப்பம். வந்தவர் இந்த விளக்கத்தையெல்லாம் சொல்ல வேண்டாம், "இது எந்த ஃபான்ட்டில் அடித்தது?" என்று கேட்டாலே எனக்குத் திருப்தி.

இன்னும் இரண்டு. ஆங்கிலத்தில் கேட்டு ஆளை ஊமையாக்காதீர்கள். தமிழோ பர்மியமோ, அவர் யோசிக்கிற மொழியில் பேச விடுங்கள். வீட்டுக்கு வேலை கொடுத்து நாளைக்குள் முடித்து அனுப்பச் சொல்வதும் வேண்டாம். கரண்ட் எப்போது வரும் என்று பார்த்து அரிசி வடிக்கிற ஊரில் அந்தப் பரீட்சை திறமையை அளக்காது, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதைத்தான் அளக்கும். உங்கள் அலுவலகத்துக்கே கூப்பிடுங்கள், பஸ் காசையும் கொடுங்கள்.

கேள்வி: டிகிரி இல்லாதவர்களைக் கூப்பிடலாமா?
(ஒரு வாசகர், பெகு)

பதில்: தாராளமாக. 2020-க்குப் பிறகு இங்கே எத்தனை பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது என்று உங்களுக்கே தெரியும். செய்த பக்கம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, ஃப்ரண்ட்-எண்ட் நானாகவே கற்றுக்கொண்டேன். முதல் இன்டர்வியூ வருகிறது. பதில் தெரியாவிட்டால் எனக்கு வாயடைத்துப் போகும். ஏஐ துணையோடு செய்த வெப்சைட்டைக் காட்டலாமா?
(ஒரு வாசகி, மோல்மேன்)

பதில்: காட்டும்மா. ஏஐ உதவியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு. ஆனால் "இந்த மெனுவை வலது பக்கம் மாற்று" என்றால் அவர்கள் கண்முன்னே மாற்றத் தெரிய வேண்டும், அதனால் ஒவ்வொரு வரியும் எதற்கு இருக்கிறது என்று போவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு. புரியாத பகுதியை எடுத்துவிட்டு எளிதாக நீயே எழுது, பக்கம் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

பதில் தெரியாதபோது சும்மா இருக்காதே. பக்கத்தின் உள்ளே இருப்பதைக் காட்டும் டெவ்டூல்ஸ் என்ற கருவி பிரவுசரிலேயே இருக்கிறது. "தெரியலை, ஆனா பிரவுசரோட டெவ்டூல்ஸைத் திறந்து இந்தப் பெட்டிக்கு எந்த ஸ்டைல் ஒட்டியிருக்குன்னு முதல்ல பார்ப்பேன்" என்று சொல், திறந்தும் காட்டு. நல்ல முதலாளி அதைத்தான் பார்க்க விரும்புவார். வெப்சைட்டின் நகலை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள், அங்கே நெட் வராமல் போகலாம்.

நீயும் கேள். நான் எழுதுவதை யார் பார்த்துத் திருத்துவார்கள், கரண்ட் போனால் வேலை எப்படி நடக்கும், சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவீர்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடமாக இருந்தால், அடுத்த இன்டர்வியூவுக்குத் தயாராகு.