ஜீப்பை முதலில் உருவாக்கியது வில்லிஸா, ஃபோர்டா?

இரண்டும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற சிறிய ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் கம்பெனிதான் முதல் ஜீப்பைச் செய்தது. குட்டிக் கார்கள் செய்து, விற்காமல், திவாலாகும் நிலையில் இருந்த கம்பெனி அது. நான் போடி பக்கத்துக்காரன், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்ந்தவன். ஜீப் பேச்சு என்றால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940 ஜூலை. பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தாகிவிட்டது. அமெரிக்க ராணுவம் அவசர அவசரமாக 135 கம்பெனிகளுக்கு எழுதியது: சின்னதாக, நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும், எடை 1,300 பவுண்டுக்குள் (சுமார் 590 கிலோ) இருக்க வேண்டும், முதல் வண்டி 49 நாளில் கைக்கு வர வேண்டும். இதற்கு முன்வந்தவை பாண்டமும் வில்லிஸும் மட்டும்தான். வில்லிஸ் குறைந்த விலை கேட்டது, ஆனால் கூடுதல் நாளும் கேட்டது. தாமதத்துக்கான அபராதத்தைச் சேர்த்துப் பார்த்தால் பாண்டமின் விலையே குறைவாக வந்தது.

பாண்டமில் அப்போது வடிவமைக்க ஆளே இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியரை வரவழைத்தார்கள். ஆரம்பத்தில் சம்பளம்கூட இல்லாமல்தான் மனிதர் வந்தார். வரும் வழியிலேயே டொலீடோவில் இறங்கி, ஸ்பைசர் கம்பெனியில் ஆக்சிலுக்குப் பேசி முடித்துவிட்டார். பட்லருக்கு வந்து இரண்டே நாளில் வண்டியின் வரைபடம் தயார். 1,300 பவுண்டில் அப்படி ஒரு வண்டி செய்யவே முடியாது என்பது அவருக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். டெண்டரில் மட்டும் வரம்புக்குள் ஒரு எடையை எழுதிக் கொடுத்தார்கள்!

செப்டம்பர் 23 கடைசி நாள். முதல் வண்டியை லாரியில் ஏற்றாமல், பால்டிமோரில் இருந்த ஹோலாபேர்ட் ராணுவ முகாம் வரை ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். மாலை 5 மணிக் கெடுவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே நுழைந்தது வண்டி.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஒப்பாத விஷயம். சோதனை ஓட்டத்தைப் பார்க்க வில்லிஸ், ஃபோர்டு ஆட்களை ராணுவம் அனுமதித்தது. பாண்டமின் வரைபடங்களையும் அவர்களிடம் கொடுத்தது. இவ்வளவு சின்ன கம்பெனியால் ஆயிரக்கணக்கில் வண்டி செய்து தர முடியாது என்பது ராணுவத்தின் கணக்கு. போர் நேரத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் உழைத்தவன் வரைபடத்தை அவன் போட்டியாளன் கையில் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

அதற்காக வில்லிஸ் வெறுமனே காப்பியடித்தது என்று சொல்லிவிடவும் முடியாது. பாண்டம், ஃபோர்டு எஞ்சின்கள் 45 குதிரைத்திறனை ஒட்டி இருந்தபோது வில்லிஸின் எஞ்சின் 60 கொடுத்தது. சிக்கல் எடையில் வந்தது. ராணுவம் வரம்பை 2,160 பவுண்டுக்கு உயர்த்திய பிறகும் வில்லிஸ் வண்டி இருநூறு பவுண்டுக்கு மேல் கூடுதலாக நின்றது. சின்ன எஞ்சினுக்கு மாறுவதற்குப் பதில், அதன் தலைமை எஞ்சினியர் டெல்மார் ரூஸ் வண்டியை அக்கக்காகக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டு, நீளமாகத் துருத்திக்கொண்டிருந்த போல்ட்டைக்கூட வெட்டிக் குறைத்தார்கள். பெயின்ட்டும் ஒரு கோட்டோடு சரி. 1941 ஜூலையில் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது அந்த எஞ்சினால்தான். வில்லிஸ் செய்து தருவது மட்டும் போதாமல், அதே வண்டியைச் செய்ய ஃபோர்டையும் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நாம் பார்த்துப் பழகிய அந்தத் தட்டையான, செங்குத்துப் பிளவுகள் கொண்ட இரும்புத் தகடு கிரில் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் முகப்பு) ஃபோர்டு கொண்டுவந்தது.

பாண்டம் செய்தது மொத்தம் 2,600 சொச்சம். அவற்றில் பெரும்பகுதி பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் போய்விட்டது. பிறகு அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த ஆர்டர், ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் செய்வது! கார் பக்கம் அது திரும்பவே இல்லை. ஜீப்பை உருவாக்கியது தாங்கள்தான் என்று விளம்பரம் செய்த வில்லிஸை, அப்படிச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1948-இல் தடுத்தது. ஆனால் 1950-இல் 'ஜீப்' என்ற பெயரின் உரிமை வில்லிஸுக்கே பதிவானது. நம் நாட்டில் மஹிந்திரா பாகங்களைச் சேர்த்துப் பூட்டி விற்கத் தொடங்கியதும் வில்லிஸ் ஜீப்பைத்தான். நம்மூரில் பாண்டம் பெயரே யாருக்கும் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

போர்க்கால ஜீப் என்று சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால், ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டத்தைக் குனிந்து பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்துப் போட்ட 'ப' வடிவத் தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு வண்டியில் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' எழுத்து குத்தியிருக்கும். அதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். எண்பது வருஷத்தில் எந்தப் பட்டறையில் எந்த போல்ட்டை மாற்றினார்களோ!