செகண்ட்ஸ்ல டாப் மாடல் கார் வாங்கினா ரிப்பேர் செலவு நெறய வருமா?

கேள்வி கேட்டவரு 6 லட்சம் பட்ஜெட்ல செகண்ட்ஸ் கார் பாக்குறாராம். அந்தக் காசுக்கு அஞ்சு வருஷ பேஸ் மாடலும் கிடைக்குது, எட்டு வருஷம் ஓடுன, சன்ரூஃப், புஷ் பட்டன், டச் ஸ்கிரீன் எல்லாம் வெச்ச டாப் மாடலும் கிடைக்குது, ரெண்டாவத எடுத்தா எலக்ட்ரானிக்ஸ் வேலை வெச்சே கொன்னுடும்னு வீட்டுல சொல்றாங்க, நெசமான்னு கேட்டிருக்காரு. ஏற்கனவே வந்த பதில்ல பாதிப்பேரு "எலக்ட்ரானிக்ஸ்னாலே தலைவலி, அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா"ன்னு எழுதி வெச்சிருக்கீங்க. அதப் படிச்சிட்டுத்தான் கடைய சாத்துன கையோட இத டைப் பண்றேன். ஈரோட்டுல கார் வயரிங் கடை வெச்சிருக்கேங்க, தலைவலி தலைவலின்னு நீங்க சொல்றதுதான் எனக்குச் சோறு போடுது, அதனால நான் சொல்றதுல ஒரு பக்கம் சாய்வு இருக்கும்னு நெனைக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கலாம், கோவமில்ல.

எலக்ட்ரானிக்ஸ் இல்லாத கார்னு இப்ப ஒண்ணு கிடையவே கிடையாது. 2019 ஏப்ரல்ல இருந்து, சடன் பிரேக் புடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் கட்டாயம், அதே வருஷம் ஜூலைல இருந்து டிரைவர் ஏர்பேக், 80 தாண்டினா கத்துற ஸ்பீடு அலாரம், ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தப்புறம் இன்ஜின் பக்கமும் சென்சார் கூடிருச்சு. நீங்க பாக்குற அந்த அஞ்சு வருஷ பேஸ் மாடல்லயே இதெல்லாம் உக்காந்திருக்கு. பவர் விண்டோ இல்லைன்னா அது பழைய காலத்து வண்டின்னு அர்த்தம் ஆயிடாது.

அந்தக் காலத்து வண்டி பத்தியும் சொல்லிடறேன். நான் தொழில் பழகப் போனப்ப கார்புரேட்டர் வண்டி இன்னும் வந்துட்டுத்தான் இருந்துச்சு. காலைல சோக்கை இழுத்துப் புடிச்சு, ரெண்டு தடவ ஆக்சிலேட்டர மிதிச்சு, அப்பவும் செல்ஃப் சுத்திக்கிட்டே இருக்கும், வண்டி எடுக்காது. ஜெட்டு அடைக்கும், பாயிண்ட் கருகும், மழை வந்தா டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் போயி நடு ரோட்டுல நிக்கும். 2000 வாக்குல கார்புரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் கணக்குப் பாத்து பெட்ரோல் அடிக்கிற எம்பிஎஃப்ஐ வந்தப்ப "கம்ப்யூட்டர் வெச்ச வண்டிய வாங்காதீங்க, நின்னா எவனும் தொட மாட்டான்"னு சொல்லாத மெக்கானிக்கே இல்ல. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த அண்ணனே சொல்லிருக்காரு. இப்ப பாருங்க, ட்யூனிங் பண்ணணும்னு ஒருத்தர் கார் கொண்டு வர்றதே இல்ல. ஒரு காருக்குள்ள வந்ததுலயே பெரிய டெக்னாலஜி அதுதான், அது வந்துதான் வண்டி நிக்காம ஓட ஆரம்பிச்சுச்சு. அதனால டெக்னாலஜின்னு மொத்தமா ஒரே மூட்டையா கட்டாதீங்க.

இப்ப என் கடைக்கு வந்த கதை. கோபி பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், எனக்குத் தெரிஞ்சவருக்குச் சொந்தக்காரரு, 2017 மாடல் செடான் ஒண்ணு செகண்ட்ஸ்ல எடுத்திருந்தாரு. டாப் மாடல். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொன்னா அந்தக் கம்பெனி ரசிகருங்க கெளம்பி வந்துருவாங்க, விஷயம் கம்பெனி பத்தினதும் இல்ல. பேத்தி சன்ரூஃப் கேட்டான்னு தேடிப் புடிச்சு வாங்கினாராம். (சன்ரூஃப்ல கொழந்தைய நிக்க வெச்சுட்டுப் போறவங்களுக்கு: ஒரு பிரேக் புடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க.) ஆறேழு மாசம் நல்லா ஓடியிருக்கு. மழை ஆரம்பிச்சதும் பேய் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. ராத்திரி தானா லாக் தொறக்கும், வைப்பர் தானா ஆடும், ரெண்டு நாள் நிறுத்தி வெச்சா பேட்டரி செத்துக் கெடக்கும். ஒரு கடைல பேட்டரிய மாத்திட்டாங்க. இன்னொரு கடைல ஆல்டர்னேட்டரப் பிரிச்சு மாட்டிருக்காங்க. கம்பெனி சர்வீஸ்ல பிசிஎம் போச்சு, அதோட ஃப்ளோர் வயரிங் கிட்டும் மொத்தமா மாத்தணும்னு எழுபதாயிரத்துக்கு மேல எஸ்டிமேட் போட்டுக் குடுத்துட்டாங்க. பிசிஎம்ங்கறது லாக், லைட்டு, வைப்பர், ஹாரன் எல்லாத்தையும் ஆட்டி வெக்கிற பெட்டி.

வாத்தியார் வந்து "தம்பி, இத வித்துட்டுப் பழைய மாடலே வாங்கிக்கறேன், எனக்கு இந்த ஹைடெக் எல்லாம் ஒத்து வரல"ன்னாரு. சார், ஒரு நாள் விட்டுட்டுப் போங்கன்னேன்.

வண்டிய லாக் பண்ணிட்டு அரை மணி நேரம் கழிச்சு பேட்டரி லைன்ல மீட்டரப் போட்டா ஒரு ஆம்பியர் ஓடுது. தூங்குற வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுக்கணும். ஒரு ஆம்பியர் இழுத்தா 45 ஏஎச் பேட்டரி முழு சார்ஜ்ல இருந்தாலும் ரெண்டு நாள் தாங்காது, அவர் சொன்ன கணக்குக்குச் சரியா வருது. ஃப்யூஸ் ஒண்ணொண்ணா புடுங்கிப் பாத்ததுல பிசிஎம் லைன். டிரைவர் கால் பக்கத்து பேனலைக் கழட்டினா வயர் சொருகுற கப்ளர் பூராவும் பச்சையா பூத்துப் போயி இருக்கு. மேட்டுக்கு அடியில கார்ப்பெட்டத் தூக்கி அமுக்கினா தண்ணி வருது. கண்ணாடியெல்லாம் ஏத்தித்தான் இருந்துச்சு, தண்ணி எங்கிருந்து வந்துச்சு?

சன்ரூஃப்ங்க. நெறய பேருக்கு இது தெரியாது, சன்ரூஃப் கண்ணாடியச் சுத்தி இருக்கற ரப்பர் தண்ணிய முழுசா நிறுத்தாது, அது அதோட வேலையும் கிடையாது. உள்ள வர்ற தண்ணிய ஒரு வாய்க்கால்ல புடிச்சு, நாலு மூலையில இருந்தும் பில்லருக்குள்ள போற டியூப் வழியா வண்டிக்குக் கீழ விடுற மாதிரித்தான் டிசைனே. வாத்தியார் வீட்டு வேப்பமரத்தடியிலதான் வண்டி நிக்குது. எலையும் பூவும் மண்ணும் போயி முன் பக்கத்து டியூப் ரெண்டும் அடைச்சு, தண்ணி வழிஞ்சு பில்லர் வழியா நேரா பிசிஎம் மேல எறங்கிருக்கு. நைலான் கம்பிய விட்டு அந்த டியூப எடுத்து விட எவ்ளோ நேரம் ஆகும்னு நெனைக்கிறீங்க, டீ வர்றதுக்குள்ள முடிஞ்சது.

பிசிஎம் போனது போனதுதான். சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல சொல்லி அதே பார்ட் நம்பர்ல பழசு ஒண்ணு வரவழைச்சோம், ஆறாயிரம். ஆனா அப்படியே மாட்டினா வேலை செய்யாது, ஏன்னா சாவியோட கணக்கு அந்தப் பெட்டிக்குள்ளதான் எழுதியிருக்கு, வேற வண்டியோட பெட்டிய மாட்டினா உங்க சாவி அதுக்கு யாரோ. பழைய பெட்டில இருக்கற மெமரி ஐசிய படிச்சு அந்த டேட்டாவ இதுல ஏத்தணும், கோயம்புத்தூர்ல அதுக்குன்னே ஒருத்தர் இருக்காரு. ஆர்சி, ஆதார் எல்லாம் வாங்கிப் பாத்துட்டுத்தான் தொடுவாரு, திருட்டு வண்டிக்கு வழி சொல்லிக் குடுக்கறேன்னு கீழ யாரும் கெளப்பி விடாதீங்க. வயரிங் கிட் மாத்தவே இல்ல, கெட்டுப்போன கப்ளர் பின்ன மட்டும் வெட்டி எடுத்து சோல்டர் பண்ணி ஸ்லீவ் போட்டேன். எல்லாம் சேத்து, என் கூலியும் சேத்து, இருபதாயிரத்துக்குள்ள முடிஞ்சது. ரெண்டு மழைக்காலம் தாண்டிருச்சு, அதே வண்டிலதான் வாத்தியார் போறாரு.

கம்பெனி சர்வீஸ்ல வேலை பாக்குற தம்பிங்க கோவிச்சுக்க வேணாம். உங்களுக்கு ரூல் அப்படி, பெட்டியப் பிரிக்கக் கூடாது, வயர ஒட்டக் கூடாது, முழுசா மாத்து. தெரியும். ஆனா செகண்ட்ஸ் வாங்குறவனுக்கு அங்கதான் அடி விழுது. புதுசுல 12 லட்சம் குடுத்து வாங்கின வண்டி எட்டு வருஷத்துல 6 லட்சத்துக்கு வந்துருது, அந்த வண்டியோட ஹெட்லைட்டு பாதி விலைக்கு வர்றதில்ல. 12 லட்சம் வண்டிக்குப் போட்ட விலைதான், சொல்லப்போனா வருஷா வருஷம் ஏறிருக்கும். பழைய ஹாலஜன் லைட்டுல பல்பு போனா முந்நூறு ரூபா. எல்இடி யூனிட்டுல ஒரு மூலை எரியலைன்னா முழு அசெம்ப்ளி. சிக்னல்ல தானா இன்ஜின் நின்னு தானா எடுக்கற ஸ்டார்ட் ஸ்டாப் இருக்கற வண்டிக்கு சாதா பேட்டரி ஒத்து வராது, அதுக்குன்னு இருக்கற ஈஎஃப்பி பேட்டரி விலை கூட. ரோட்டப் பாத்து டிரைவருக்கு உதவுற கேமரா வெச்ச ஏடாஸ் வண்டில முன் கண்ணாடிய மாத்தினா கேமராவ மறுபடி கேலிப்ரேட் பண்ணணும், அதுக்குத் தனி பில்லு. இன்சூரன்ஸ் இருக்கேன்னு நெனைப்பீங்க, ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காம குடுக்கற கவர், இல்லாத பாலிசில பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாத்துக்கும் அம்பது சதவீதம் கழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. அதனால ரிப்பேர் எத்தன தடவ வருதுங்கறது பெருசில்ல, டாப் மாடல்ல ஒரு தடவ வந்தாலும் கணிசமா இழுக்கும்.

கியர்பாக்ஸ் தனிக் கதை. கிளட்ச் மிதிக்காம ஓட்டுற ஏஎம்டி 2014ல இருந்து இருக்கு, உள்ள இருக்கறது சாதாரண மேனுவல் பாக்ஸ்தான், கியர் மாத்தி விடுற ஆக்சுவேட்டர் போனா செலவு உண்டு, ஆனா வெளியாளும் பாத்துருவாங்க. ஆயில்ல நனையாத ட்ரை கிளட்ச் ரெண்டு வெச்ச டிசிடி ஆட்டோமேட்டிக் வண்டி, அதுவும் டவுன் டிராஃபிக்லயே ஊர்ந்த வண்டியா இருந்தா நான் என் மச்சானுக்கு எடுத்துக் குடுக்க மாட்டேன். பிஎஸ்6 டீசல் டவுனுக்குள்ளயே ஓடுச்சுன்னா புகைக்கரியப் புடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் அடைச்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதையும் ஒதுக்கிடுங்க. டச் ஸ்கிரீன் போனா பரவால்ல, பாட்டு கேக்காம ஓட்டலாம்.

இன்னொண்ணு, நான் பாக்குற எலக்ட்ரிக்கல் கம்ப்ளைண்ட்ல பெரும்பாலும் கம்பெனி போட்டுக் குடுத்த எலக்ட்ரானிக்ஸ்ல வர்றதே இல்ல. முதல் ஓனர் ஆக்சசரீஸ் கடைல வயர வெட்டி, டேப்பு சுத்தி மாட்டின ஆம்ப்ளிஃபயர், வெள்ளை எல்இடி, ரிமோட் லாக், இதுலதான் வருது. அந்த வெள்ளை எல்இடிய மாட்டிட்டு ராத்திரி பெருந்துறை ரோட்டுல ஹைபீம் போட்டு வர்றவங்கள நிறுத்தி நாலு வார்த்தை கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு, அது வேற.

வேறன்னு சொன்னதும் ஞாபகம் வருது. செகண்ட்ஸ் கார் வாங்க லோன் வேணுமான்னு பேங்க்ல இருந்து எனக்கு தெனம் போன் வருதுங்க. அதே பேங்க்ல, எல்லாக் கம்பெனி வண்டிக்கும் சேர்ற மாதிரி, வண்டியோட எரரப் படிக்கற நல்ல ஸ்கேனர் ஒண்ணு வாங்கணும், ஒண்ணரை லட்சம் லோன் குடுங்கன்னு போனா, கடை வாடகைக் கடைதானே, மூணு வருஷம் ஐடி ரிட்டர்ன் எங்க, ஜாமீன் யாருன்னு அலைய விட்டாங்க. கார் வாங்க ஆறு லட்சம் குடுப்பாங்களாம், அந்தக் கார ரிப்பேர் பண்றவனுக்கு ஒண்ணரை லட்சம் குடுக்க மாட்டாங்களாம். கடைசில சம்சாரத்தோட நகைய வெச்சுத்தான் வாங்கினேன். அப்புறம் ஸ்கேன் பண்ண ஐந்நூறு ரூபா கேட்டா "சும்மா சொருகிப் பாத்ததுக்கா ஐந்நூறு"ன்னு கேக்குறவங்க வேற. அந்த ஸ்கேனருக்கு வருஷா வருஷம் அப்டேட்டுக்குக் காசு கட்டணும்ங்கறது யாருக்குத் தெரியுது. சரி விடுங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். பேஸும் வேணாம், டாப்பும் வேணாம், நடு வேரியண்ட்ல ஏர்பேக், ஏபிஎஸ், சாதா ஏசியோட ஆறு வருஷத்துக்குள்ள தேடுங்க, கிடைக்கும். இல்ல, டாப்புதான் வேணும்னா வாங்குங்க, ஆனா பாத்து வாங்குங்க. நாலு பக்கமும் மேட்டத் தூக்கி கார்ப்பெட்ட அமுக்குங்க, மூக்க வெச்சு மோந்து பாருங்க, ஈரமோ பூஞ்சை வாடையோ வந்தா அங்கயே திரும்பி வந்துருங்க, அது சன்ரூஃப் தண்ணியோ வெள்ளத்துல நின்ன வண்டியோ எதுவா இருந்தா நமக்கென்ன. சன்ரூஃப் தொறந்து மூலையில அரை டம்ளர் தண்ணி மெதுவா ஊத்தினா டயர் பக்கமா கீழ சொட்டணும். ரெண்டு சாவியும் கேளுங்க, ஒரு ஸ்மார்ட் கீ புதுசா செய்யப் போனா நல்ல தொகை ஆகும், அத விலைல கொறைச்சுக்குங்க. 2013க்கு அப்புறம் வந்த வண்டிக்கெல்லாம் ஸ்கேனரச் சொருகுற ஓபிடி போர்ட் இருக்கும், ஒரு எலக்ட்ரீஷியனக் கூட்டிட்டுப் போயி ஸ்கேனரப் போடச் சொல்லுங்க. எரர் ஒண்ணுமே இல்லைன்னு காட்டினா உடனே சந்தோஷப்பட வேணாம், எரர அழிச்சதுக்கப்புறம் எத்தன கிலோமீட்டர் ஓடிருக்குன்னு நெறய வண்டில அதுலயே காட்டும், அஞ்சு கிலோமீட்டர்னு காட்டினா நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரோ அழிச்சிருக்காங்க. போன்ல ஆப் போட்டு லாக் தொறக்கற கனெக்டட் வண்டியா இருந்தா, காசு குடுக்குற அன்னிக்கே பழைய ஓனர எதுத்தாப்ல உக்கார வெச்சு அவர் போன்ல இருந்து வண்டிய எடுத்துவிடச் சொல்லுங்க, ஃபாஸ்டேகையும் சேத்து.