அவித்த வத்தாளங்கிழங்கு ஏன் இனிக்கவில்லை?

கேள்வி: ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் இரண்டு பாத்தி வாடகைக்கு எடுத்திருக்கிறோம். போன வருடம் மே பிற்பகுதியில் வருகிற விக்டோரியா தின விடுமுறையில் தக்காளிக் கன்றோடு சேர்த்து வத்தாளங்கொடியும் (தமிழ்நாட்டில் சர்க்கரைவள்ளி) நட்டோம். கொடி பாத்தியை மூடிப் படர்ந்தது. ஒக்டோபர் கடைசியில் கிண்டினால் பாதிக்கு மேல் பென்சில் தடிப்பு வேர். தேறினதைக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தோம். அவித்தால் இனிப்பே இல்லை, நடுவில் வேகாத கட்டி வேறு. இந்தக் குளிர் நாட்டுக்கு இது சரிவராதா?

பதில்: தாராளமாகச் சரிவரும். ஈரி ஏரிக்கு வடகரையில் நோர்ஃபோக் பக்கத்து மணல் நிலங்களில், ஒரு காலம் புகையிலை நின்ற வயல்களில், இன்று இது வியாபாரப் பயிர். உங்கள் கிழங்கைக் கெடுத்தது வெளிக்குளிர் மட்டும் அல்ல. கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் தலையில் கை வைத்தேன்.

வத்தாளை வெப்பநாட்டுக் கொடி. கிழங்கு 12, 13 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் கிடந்தால் உள்ளே சதை கெட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி. அங்கே இருந்து வந்த கிழங்கை எத்தனை மணித்தியாலம் அவித்தாலும் நடுப்பாகம் மரக்கட்டைபோலத்தான் நிற்கும். உருளைக்கிழங்கு வைக்கிற குளிர்ந்த நிலவறையும் இதற்கு ஆகாது. நானே முதல் வருடம் பத்துப் பெட்டிக் கிழங்கைச் சூடில்லாத கொட்டிலில் ஒரு கிழமை விட்டுவிட்டு, நவம்பரில் அத்தனையையும் உரக்குவியலில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

இனிப்பு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிண்டின அன்றைக்கு எந்த வத்தாளையும் பெரிதாக இனிக்காது, அப்போது அதில் பெரும்பாலும் மாச்சத்துத்தான். அதைப் பக்குவப்படுத்த வேண்டும். பண்ணைகளில் 29, 30 டிகிரி சூடும் 85 முதல் 90 வீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு கிழமை அளவில் வைப்பார்கள். அந்தச் சூட்டில், கிண்டும்போது பட்ட காயங்களுக்கு அடியில் தக்கைபோல ஒரு படலம் பிடிக்கும். அதுதான் அழுகலைத் தடுப்பது. இனிப்பும் அப்போதிருந்து ஏறத் தொடங்கும்.

வீட்டில் இதற்கு ஒரு சின்னக் குளியலறை போதும். கிழங்கைக் கழுவ வேண்டாம், மண்ணைக் காயவிட்டு மெல்லத் தட்டிவிடுங்கள். பெட்டிகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, சின்ன ஹீட்டரைப் போட்டு, ஒரு வாளி சுடுதண்ணீரையும் வைத்துக் கதவைச் சாத்துங்கள். (ஹீட்டர் தண்ணீருக்குக் கிட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) அவ்வளவு வசதி இல்லையென்றால், துளையிட்ட பொலித்தீன் பையில் போட்டு, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸுக்குப் பக்கத்தில் இரண்டு, மூன்று கிழமை விடலாம். ஒரு கிழங்கை இன்னொன்றோடு உரசிப் பாருங்கள்; தோல் உரியாவிட்டால் பக்குவம் வந்துவிட்டது. பிறகு 13 முதல் 15 டிகிரி உள்ள இருட்டு அலுமாரியில் மூன்று கிழமையாவது கிடக்கட்டும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். விக்டோரியா தினம் தக்காளிக்கே சில வருடம் அவசரம், வத்தாளைக்கு நிச்சயமாக அவசரம். கலண்டரைப் பார்க்காமல் மண்ணைப் பாருங்கள்: 10 செ.மீ. ஆழத்தில் காலையில் 18 டிகிரி காட்டினால் நடலாம். உங்கள் பக்கத்தில் அது ஜூன் முதல் கிழமை ஆகும். அங்கே களிமண் கூடுதல் என்பதால் ஓர் அடி உயரத்துக்கு வரம்பு கட்டி, நடுவதற்கு இரண்டு கிழமை முன்பே கறுப்புப் பிளாஸ்டிக் விரித்துவிடுங்கள். மண் சூடேறும், புல்லும் வராது. கொடிக்குக் கொடி ஓர் அடி இடைவெளி. ஊரில் கொடியைத் தூக்கிப் புரட்டிப் போடுவோமே, பிளாஸ்டிக் விரித்தால் அந்த வேலையும் மிச்சம், கொடி இடையில் வேர்விட முடியாது.

பாத்தி மூடிப் படர்ந்தது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது எரு கூடிப்போனதன் அடையாளமாகத் தெரிகிறது. தழைச்சத்து மிஞ்சினால் கொடி கொழுக்கும், வேர் பென்சிலாகவே நின்றுவிடும். மாட்டெருவைப் பாதியாகக் குறையுங்கள். 100 நாள் அளவில் வருகிற போரகார்ட் போன்ற வகையையே கேட்டு வாங்குங்கள். வைன்லான்ட் ஆராய்ச்சி நிலையம் கனடாக் குளிருக்கென்றே ரேடியன்ஸ் என்ற வகையை வெளியிட்டிருக்கிறது, கன்று கிடைத்தால் விடாதீர்கள்.

கிண்டுவதற்கு ஒக்டோபர் கடைசி மிகவும் பிந்திவிட்டது. செப்டம்பர் நடுவிலிருந்து காலநிலையைக் கவனியுங்கள், முதல் உறைபனிக்கு முன் வெளியே எடுத்துவிட வேண்டும். தப்பித்தவறி ஓர் இரவில் கொடி கறுத்துவிட்டால் அன்றைக்கே வெட்டி எறிந்துவிட்டுக் கிண்டுங்கள், அழுகல் தண்டு வழியாகக் கீழே இறங்கும். தண்டுக்கு ஓர் அடி தள்ளிக் குத்தி மண்ணைத் தளர்த்தி, கையால் எடுங்கள். முட்டை பொறுக்குகிற கவனம் வேண்டும், புதுக்கிழங்கின் தோல் விரல் நகம் பட்டாலே உரியும்.

அவிக்கும்போதும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிழங்குக்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது, அதுதான் மாவைச் சர்க்கரையாக்குவது. ஏறக்குறைய 60க்கும் 75க்கும் இடைப்பட்ட சூட்டில் நன்றாக வேலை செய்யும், அதைத் தாண்டினால் செத்துவிடும். மைக்ரோவேவும் பிரஷர் குக்கரும் அந்தக் கட்டத்தை ஓட்டமாய்க் கடந்துவிடுகின்றன. ஆகவே முழுக் கிழங்கைத் தோலோடு பச்சைத்தண்ணீரில் போட்டு, மெல்லிய நெருப்பில் சூடேற்றுங்கள். ஓவன் என்றால் 150 டிகிரியில் ஒரு மணித்தியாலம், பிறகு 200இல் அரை மணித்தியாலம். தோலில் அங்கங்கே பாகு கசிந்து தட்டில் கறுத்து ஒட்டியிருந்தால் சரியாக வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். செம்மஞ்சள் சதை உள்ள இந்த ஊர் வகை குழைந்து போகும். ஊரில் தேங்காய்ப்பூவோடும் கட்டைச்சம்பலோடும் தின்ற மாக்கிழங்கை அதில் தேடாதீர்கள். பாற்கறிக்கு நல்லது, கடைசியில் போட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். ஆடி ஆவணியில் இளந்தளிரைக் கொஞ்சம் கிள்ளி வறுத்த வறைக்கு எந்த வகையும் ஆகும்.

நல்ல கிழங்கு இரண்டை அடுத்த வருடக் கொடிக்கு ஒதுக்கி வையுங்கள். மார்ச் கடைசியில் ஈரமணல் தட்டில் பாதி புதைத்து, சூடான இடத்தில் வைத்தால் முளை வரும். ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்கலாம், அங்கே இளஞ்சூடு இருக்கும்.