வாசகர் கேள்வி – பதில்: சீதன வீடும் தாபரிப்புக் காசும்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்த மேசன். விவாகரத்தாகி மூன்று வருடங்களாகின்றன. மகனுக்கும் மகளுக்குமாக மாதம் 15,000 ரூபாய் தாபரிப்புக் கட்டும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. பிள்ளைகளின் தாய் அரசாங்க ஆசிரியை. என்னைவிடக் கூடுதலாக உழைக்கிறார். வீடு அவருடைய சீதன வீடு. கட்டார்க் காசில் நான் கூட்டிக் கட்டிய இரண்டு அறைகளும் அவருக்கே போய்விட்டன. நான் கட்டுகிற காசுக்குக் கணக்கும் இல்லை. போன மாதம் மகன் வாய் பிளந்த சப்பாத்தோடு என்னிடம் வந்தான். பிள்ளைகளைப் பார்க்க விடுவதும் அவருடைய மனம்போலத்தான். இது நியாயமா? நான் காசை நிறுத்தினால் என்ன?

பதில்: நிறுத்த வேண்டாம். கட்டளை நடைமுறையில் இருக்கும்போது காசு கட்டாமல் விட்டால் நிலுவை ஏறும். நீதவான் பிடியாணை பிறப்பிக்கலாம், சிறைத்தண்டனையும் விதிக்கலாம். அதன் பிறகு உங்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்பதற்கு எவருக்கும் பொறுமை இருக்காது.

உங்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், தகப்பன் இவ்வளவு வீதம் கட்ட வேண்டும் என்று எந்த அட்டவணையையும் தரவில்லை. பெற்றோர் இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் பார்த்து நீதவான் பொருத்தமான தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. ஆகவே ஆசிரியையின் சம்பளம் வழக்குக்குப் புறம்பான விடயமல்ல. விசாரணையின்போது அது முன்வைக்கப்படவில்லை என்றாலோ, அதன் பின் உங்கள் வருமானம் குறைந்திருந்தாலோ, தொகையை மாற்றும்படி அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் மேசன் வேலை எப்படிப் படுத்துவிடும் என்பது ஊரறிந்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு அதை எழுத்தில் காட்ட வேண்டும். ஒரு வருடத்தில் எந்த மாதம் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள்.

வீட்டு விடயத்தில்தான் உங்கள் கணக்கு பிழைக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு அழைக்கிற வழக்கம் நமது பகுதியில் பழையது. அதனால் மணம் முறிந்தால் பெட்டியோடு படியிறங்குபவர் பெரும்பாலும் ஆண்தான். அந்த அவமானத்தைச் சிறிதாக எண்ணி இதை நான் எழுதவில்லை. ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளின் சாப்பாடு, உடுப்பு, வான் கூலி, பிரத்தியேக வகுப்பு, மருந்து எல்லாம் சேர்ந்து மாதம் 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உழைப்பு 40,000, அவருடையது 60,000 என்றும் வைத்துக்கொள்வோம். வருமான விகிதப்படி பிரித்தால் உங்கள் பங்கு 14,000 ரூபாய். நீங்கள் கட்டுவதற்கும் அதற்கும் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். (இது சட்டம் தரும் சூத்திரமல்ல, நான் போட்டுப் பார்த்தது.) அந்த 35,000 ரூபாயில் வாடகை என்று ஒரு சதமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் வாடகை வீட்டில் இருந்திருந்தால் மொத்தச் செலவு ஏறி, உங்கள் பங்கும் ஏறியிருக்கும். அதாவது, உங்கள் பிள்ளைகளுக்குக் கூரை கொடுக்கும் செலவில் உங்கள் பங்கையும் மாமனார் என்றோ கட்டிவிட்டார். சீதன வீட்டின் சலுகை உங்கள் கணக்கில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதை இன்னொரு முறை கழிக்க இயலாது. காய்ச்சல் இரவில் விழித்திருப்பதற்கும் விடியற்காலையில் சோறு கட்டுவதற்கும் இந்தக் கணக்கில் நாம் விலை போடவே இல்லை.

நீங்கள் கட்டிய இரண்டு அறைகளின் பெறுமதி வேறு வழக்குக்கு உரியது. ஆதாரங்களோடு ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள். அதைத் தாபரிப்பில் கழித்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளைப் பார்ப்பதும் அப்படியே. காசு கட்டினால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்று தாயும், பிள்ளையைக் காட்டினால்தான் காசு கட்டுவேன் என்று தகப்பனும் பேரம் பேச இடமில்லை. பார்வையிடும் நாட்களைத் திட்டமாகக் குறித்துத் தரும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேளுங்கள்.

சப்பாத்துக்கு வருகிறேன். அரிசிக்கும் மின்சாரத்துக்கும் போன காசு கண்ணுக்குத் தெரிவதில்லை. கிழிந்த சப்பாத்து மட்டும் தெரிகிறது. தாயிடம் மாதாந்தக் கணக்குக் கேட்பதைவிட, பாடசாலைச் செலவில் ஏதாவதொன்றை நீங்களே நேரடியாகப் பொறுப்பேற்று, அதைக் கட்டளையில் எழுதிக்கொள்வது உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும். எழுதிக்கொள்ளாமல் வாங்கிக் கொடுப்பவை அன்பளிப்பாகவே கருதப்படலாம். அன்று மகனுக்கு ஒரு சோடி வாங்கிக் கொடுத்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: எனது ஊர் திருக்கோவில். 2018இல் மகளுக்கு 5,000 ரூபாய் கட்டளையானது. இன்றும் அதே தொகைதான். மகளின் தகப்பன் மறுமணம் செய்து, புதிய குடும்பம் இருக்கிறது என்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள், விரைவில் 18 வயதாகிறது. அதோடு காசு நின்றுவிடுமா?

பதில்: நிற்க வேண்டியதில்லை. 18 வயதுக்கு மேல் 25 வயதுக்கு உட்பட்ட, தன்னைத் தானே பராமரிக்க இயலாத பிள்ளைக்கும் அதே சட்டம் தாபரிப்புக் கோர இடமளிக்கிறது. ஆனால் அது தானாக நீடிக்கும் என்று நம்பியிராமல், வயது நிறைவதற்கு முன்னரே சட்டத்தரணியோடு பேசி உரிய விண்ணப்பத்தை ஆயத்தமாக்குங்கள்.

தொகையைக் கூட்டவும் கேட்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2018இல் 5,000 ரூபாய் வாங்கியதில் ஏறக்குறைய பாதியைத்தான் இன்றைய 5,000 வாங்கும். மறுமணத்தால் வந்த செலவை அவர் நீதிமன்றத்தில் சொல்லலாம். அதனால் மூத்த மகளின் உரிமை அழிந்துவிடாது. வகுப்புக் கட்டண ரசீதுகள், பஸ் செலவு, பாடசாலைக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

காத்தான்குடி, சம்மாந்துறை வாசகிகளும் இதையே கேட்பதுண்டு. முஸ்லிம்களின் தாபரிப்பு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் காதி நீதிமன்றத்துக்கு உரியது. நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பகுதிக் காதி நீதிமன்றமே.